வட்டமா, கட்டமா, சூத்திரமா, மாடலா: கலந்து வரும் விழுக்காட்டுக் கணக்குக்கு எது தோது?

“இத்தனை விழுக்காட்டினர் இதைச் செய்கிறார்கள், இத்தனை விழுக்காட்டினர் அதைச் செய்கிறார்கள், இரண்டையும் செய்பவர்கள் எத்தனை பேர்?” இந்த வகைக் கணக்கு சிங்கப்பூரில் ஒருவரை வாழ்க்கையில் மூன்று வெவ்வேறு கட்டங்களில் பிடித்துக்கொள்ளும். தொடக்கநிலை 6-ல் ஒன்றின்மேல் ஒன்று படிந்த செவ்வகமும் முக்கோணமுமாக வரும். உயர்நிலையில் கணங்கள் என்ற பாடத்தில், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களான வென் படமாக வரும். அப்புறம் வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்து, என்யூஎஸ், என்டியூ, இன்சியாட் என்று எம்பிஏ-வுக்கு விண்ணப்பம் போட ஜிமேட் எழுத உட்கார்ந்தால் மறுபடியும் வரும். சில வீடுகளில் மகள் தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-க்கும் அப்பா ஜிமேட்டுக்கும் ஒரே சாப்பாட்டு மேசையில் ஏறக்குறைய ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் பட்டை பட்டையாக வரைவாள், அவர் சூத்திரம் எழுதுவார். அவர் போடுவது கணக்கே இல்லை என்று அவளும், அவள் வரைவது சுற்றுவழி என்று அவரும் நினைப்பார்கள்.

புழக்கத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன: சூத்திரம், வென் படம் என்கிற வட்டம், வரிசையும் பத்தியும் போட்டு ஓரங்களில் மொத்தம் எழுதும் கட்டம், நம் பிள்ளைகள் மாடல் என்று சொல்லும் பட்டைப் படம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு குழுக்கள், விழுக்காடு என்றால் கட்டம். மூன்று குழுக்கள் என்றால் வட்டம். சூத்திரத்தை விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மாடலைத் தொடக்கநிலைப் புத்தகத்தோடு மூட்டை கட்டிவிடாதீர்கள், ஜிமேட்டில்கூட அது மற்ற மூன்றையும் முந்தும் இடங்கள் உண்டு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதலில், எதில் விழுக்காடு?

எந்த முறையானாலும் இதைக் கேட்காமல் பேனாவை எடுக்கக் கூடாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களின் சமயப் பட்டியலைப் பாருங்கள்: பௌத்தம் 31.1%, சமயம் சாராதவர்கள் 20.0%, கிறிஸ்துவம் 18.9%, இஸ்லாம் 15.6%, தாவோ 8.8%, இந்து 5.0%, மிச்சம் பிற சமயங்கள். கூட்டினால் 100. ஒருவரை ஒரு இடத்தில்தான் எண்ணுகிறார்கள். இங்கே வட்டமும் வேண்டாம், கட்டமும் வேண்டாம், வெறும் கூட்டல் போதும்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 74.3%. இங்கே ஆங்கிலம் தெரிந்தவர், சீனம் தெரிந்தவர், மலாய் தெரிந்தவர், தமிழ் தெரிந்தவர் என்று தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 100-ஐத் தாண்டி எங்கோ போய்விடும், ஏனென்றால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் நிற்கிறார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 74.3 எல்லாக் குடியிருப்பாளர்களிலும் எடுத்தது அல்ல. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், அதிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் எடுத்தது. அடிப்படை மாறினால் விழுக்காட்டின் பொருளே மாறிவிடும். பிள்ளைகள் இந்தக் கணக்கில் மதிப்பெண் விடுவது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் அல்ல, இங்கேதான். ஆகவே நான்கு முறைகளில் எது நல்லது என்று கேட்டால், எது இந்தச் சறுக்கலைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறதோ அதுதான் நல்லது என்பது என் அளவுகோல். வேகம் அதற்கு அப்புறம்தான்.

சூத்திரம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் குழு + இரண்டாம் குழு − இரண்டிலும் இருப்பவர்கள் + இரண்டிலும் இல்லாதவர்கள் = 100

ஒரு புளோக்கில் தீபாவளி விருந்து, 200 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 65% பேர் பிரியாணி எடுத்தார்கள், 40% பேர் பிராட்டா எடுத்தார்கள், 15% பேர் இரண்டையும் தொடவில்லை. 65 + 40 − இரண்டும் + 15 = 100. ஆக, இரண்டும் எடுத்தவர்கள் 20%, அதாவது 40 பேர். அரை நிமிட வேலை. எல்லா விழுக்காடும் மொத்தத்தில் எடுத்தவையாக இருந்து, ஒரே ஒரு எண் மட்டும் தெரியாமல் இருந்தால் சூத்திரத்தை விட வேகமான வழி கிடையாது. அந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் சூத்திரம் வாயைத் திறக்காது, நீங்கள் போட்ட தப்பான எண்ணையும் வாங்கிக்கொண்டு அழகாக ஒரு விடை கொடுக்கும்.

வட்டமும் கட்டமும் மோதும் இடம்

இப்போது கொஞ்சம் வளைந்த கணக்கு. தேர்வுகளில் ஆளைச் சாய்ப்பது இந்த வகைதான்.

ஒரு நிறுவன ஊழியர்களில் 60% பேர் வேலைக்கு எம்ஆர்டி ரயிலில் வருகிறார்கள். எம்ஆர்டியில் வருபவர்களில் 30% பேர் பேருந்திலும் ஏறுகிறார்கள். பேருந்தில் ஏறுபவர்களில் 40% பேர் எம்ஆர்டியில் ஏறுவதே இல்லை. இரண்டிலும் ஏறாதவர்கள் எத்தனை விழுக்காடு?

மூன்று விழுக்காடு, மூன்றும் வெவ்வேறு கூட்டத்தில் எடுத்தவை. முதலில் வட்டத்தில் போடுவோம். இரண்டு வட்டம் வரைந்து, நடுவில் 60-ல் 30%, அதாவது 18. இடப்பக்கப் பிறையில் 42. இது வரை சரி. அடுத்தது பேருந்து வட்டம். அதில் 40% வலப்பக்கப் பிறை, ஆகவே 60% நடுப்பகுதி. நடுப்பகுதி 18 என்றால் பேருந்து முழுக்க 30. இந்த 30-ஐ எங்கே எழுதுவது? படத்தில் அதற்கு இடம் இல்லை. வட்டத்துக்குள் இருப்பவை மூன்று துண்டுகள், வெளியே ஒன்று. முழு வட்டத்தின் எண்ணைத் தலைக்கு மேலே தொங்கவிட வேண்டும். அவசரத்தில் இருக்கும் பிள்ளை அதைப் பிறைக்குள் எழுதிவிடும். எழுதினால் 60 + 30 = 90, விடை 10 என்று முடித்துவிடும். படம் சுத்தமாக இருக்கும், விடை தப்பாக இருக்கும்.

அதையே கட்டத்தில் போடுங்கள். ஊழியர்கள் 100 பேர் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

| | பேருந்து உண்டு | பேருந்து இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| எம்ஆர்டி உண்டு | 18 | 42 | 60 |
| எம்ஆர்டி இல்லை | 12 | 28 | 40 |
| மொத்தம் | 30 | 70 | 100 |

நிரப்பும் வரிசை இது. கீழ் வலது மூலையில் 100. எம்ஆர்டி வரிசையின் ஓரத்தில் 60, அதன் கீழே தானாக 40. எம்ஆர்டி வரிசையில் 30% என்றால் 60-ல் 30%, அதாவது 18, பக்கத்தில் 42. அப்புறம் பேருந்துப் பத்தி. அதன் மேல் அறையில் 18 இருக்கிறது, அது அந்தப் பத்தியின் 60%. ஆகவே பத்தியின் அடியில் 30, நடுவில் 12. கடைசியாக 40 − 12 = 28. விடை 28%.

இந்த முறையின் பலம் அழகில் இல்லை, அறைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. வட்டத்தில் நான்கே இடங்கள், கட்டத்தில் ஒன்பது. கணக்கில் வரக்கூடிய ஒவ்வொரு எண்ணுக்கும் சொந்தமாக ஓர் அறை உண்டு, “இல்லாதவர்கள் மொத்தம்” என்பதற்குக்கூட. “எம்ஆர்டியில் வருபவர்களில்” என்று கேள்வி சொன்னால் அந்த வரிசையிலேயே விரலை வைத்து ஓரத்து எண்ணைப் பிடிக்கலாம். “பேருந்தில் ஏறுபவர்களில்” என்றால் பத்தியில் கீழே இறங்கலாம். எதில் விழுக்காடு என்ற கேள்விக்குக் கட்டமே பதில் சொல்லிவிடுகிறது. போதாததற்கு ஒவ்வொரு வரிசையும் பத்தியும் கூட்டினால் சரியாக வர வேண்டும் என்பதால் சரிபார்ப்பும் இலவசம்.

இதே கணக்கில் இன்னொரு சறுக்கல் உண்டு. 30%-ஐ மொத்தத்தில் எடுத்து, இரண்டிலும் ஏறுபவர்கள் 30 என்று போட்டால் பேருந்து 50, பேருந்து மட்டும் 20, இரண்டிலும் ஏறாதவர்கள் 20 என்று எல்லாம் முழு எண்ணாக வழுக்கிக்கொண்டு வரும். ஐந்து விடைகள் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதில் ஒன்று நிச்சயம் 20 ஆகத்தான் இருக்கும். முழு எண் வந்தால் விடை சரி என்று நம்புகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. கேள்வி எழுதுபவர்களுக்கும் அது தெரியும்.

அப்படியானால் வட்டம் எதற்கு? உயர்நிலையில் கணங்கள் பாடத்தில் சேர்ப்பு, வெட்டு இரண்டையும் வட்டத்தில்தான் சொல்லித்தருகிறார்கள், வென் படத்திலேயே குறிக்கச் சொல்லும் கேள்விகளும் வரும். அங்கே கட்டம் போட்டு ஆசிரியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜான் வென் 1880-ல் இந்தப் படங்களைப் பற்றி எழுதியது தர்க்கத்துக்காக. யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் காட்ட அதற்கு இணை இல்லை. எவ்வளவு என்பதை எண்ணிச் சொல்லும் வேலைக்குத்தான் கட்டம் கூடுதல் தோது.

எதை 100 என்று வைப்பது?

கட்டத்தில் எல்லோரும் மொத்தத்தை 100 என்று வைத்துத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் தொடக்கநிலை 6-ல் வரும் இந்த வகையைப் பாருங்கள்:

ஒரு செவ்வகமும் ஒரு முக்கோணமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. படிந்த பகுதி செவ்வகத்தின் 20%, முக்கோணத்தின் 30%. முழு உருவத்தின் பரப்பளவு 176 சதுர செண்டிமீட்டர். படிந்த பகுதியின் பரப்பளவு என்ன?

வடிவியல் என்று வேஷம் போட்டு வந்தாலும் உள்ளே இருப்பது அதே இரண்டு குழுக் கணக்குதான். மொத்தத்தை 100 என்று வைத்தால் அடுத்த அடி வைக்க இடம் இல்லை. இரண்டு விழுக்காட்டுக்கும் பொதுவானது படிந்த பகுதி, ஆகவே அதை அலகாக எடுக்க வேண்டும். 20% என்பது 15-ல் 3, 30% என்பது 10-ல் 3. படிந்த பகுதி 3 அலகு என்றால் செவ்வகம் 15 அலகு, முக்கோணம் 10 அலகு. முழு உருவம் 15 + 10 − 3 = 22 அலகு. 176-ஐ 22-ஆல் வகுத்தால் ஓர் அலகு 8. படிந்த பகுதி 24 சதுர செண்டிமீட்டர்.

பிள்ளைகள் இதை இரண்டு பட்டையாக வரைவார்கள்: 15 கட்டம் நீளமாக ஒன்று, அதன் கடைசி 3 கட்டத்துக்கு நேர் கீழே தொடங்கி 10 கட்டம் நீளமாக இன்னொன்று. பார்த்தாலே 22 தெரியும். 1980களின் தொடக்கத்தில் இங்குள்ள பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் டாக்டர் கோ டெக் ஹாங் தலைமையிலான குழு உருவாக்கிய மாடல் முறையின் பயன் இதுதான்: எக்ஸ், ஒய் என்று எழுதாமலேயே அல்ஜீப்ரா செய்யலாம்.

இதைச் சின்னப் பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கும் பெரியவர்களுக்காக ஒன்று. இரண்டு செயலிகளையும் பயன்படுத்துபவர்கள் முதல் செயலிக்காரர்களில் 25%, இரண்டாவது செயலிக்காரர்களில் 40%. எந்தச் செயலியும் இல்லாதவர்கள் மொத்தத்தில் 12%. இரண்டையும் பயன்படுத்துபவர்கள் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு? கட்டத்தில் 100-ம் 12-ம் எழுதியதும் அப்படியே நின்றுவிடுவீர்கள், அல்லது எக்ஸ் போட வேண்டிவரும். அலகில் போனால் இரண்டையும் பயன்படுத்துபவர்கள் 2 அலகு, முதல் செயலி 8, இரண்டாவது 5, சேர்த்து 11 அலகு. அந்த 11 அலகுதான் 88%. ஆகவே ஓர் அலகு 8%, விடை 16%. மகள் அப்பாவுக்குச் சொல்லித்தரலாம்.

ஒரு எச்சரிக்கை. எண்கள் 37%, 23% என்று கரடுமுரடாக வந்தால் பட்டை வரைவது வீண் வேலை. 20, 25, 30, 40 போன்ற எண்களுக்குத்தான் மாடல்.

குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை?

மாடல் முந்தும் இன்னோர் இடம் இது. ஒரு அலுவலகத்தில் 70% பேர் காப்பி குடிப்பார்கள், 80% பேர் தேநீர் குடிப்பார்கள். இரண்டும் குடிப்பவர்கள் குறைந்தது எத்தனை விழுக்காடு?

100 நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். காப்பிப் பட்டையை இடது ஓரத்திலிருந்து 70 வரை வையுங்கள். தேநீர்ப் பட்டையை வலது ஓரத்தில் ஒட்டி 80 நீளத்துக்கு வையுங்கள். எவ்வளவு விலக்கினாலும் நடுவில் 50 படிந்தே தீரும். அதுதான் குறைந்தபட்சம். இப்போது தேநீர்ப் பட்டையை இடது பக்கம் முழுக்கத் தள்ளினால் காப்பி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், அதிகபட்சம் 70. வட்டத்தில் இதை விளக்கிப் பாருங்கள், வட்டத்தை நகர்த்தி நகர்த்தி அழித்து வரைந்தே நேரம் போகும்.

மூன்று குழுக்கள் வந்தால்

இங்கே கட்டம் தோற்றுவிடுகிறது. மூன்றாவது குழுவுக்காக ஒரே கட்டத்தை இரண்டாகப் போட வேண்டும், “நீச்சல் தெரிந்தவர்களுக்கு” ஒன்று, “தெரியாதவர்களுக்கு” ஒன்று என்று. முடியாதது இல்லை, ஆனால் தேர்வில் யாரும் அதைச் செய்யப்போவதில்லை. மூன்று வட்டம் வரையுங்கள்.

ஒரு மன்றத்தின் உறுப்பினர்களில் 55% பேர் பூப்பந்து, 45% பேர் காற்பந்து, 30% பேர் நீச்சல். சரியாக இரண்டில் மட்டும் இருப்பவர்கள் 25%. எதிலும் இல்லாதவர்கள் 5%. மூன்றிலும் இருப்பவர்கள்?

எல்லோரையும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் கை தூக்கச் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த கைகள் 55 + 45 + 30 = 130. கை தூக்கிய ஆள்கள் 95. கூடுதலாக வந்த கைகள் 35. இரண்டில் மட்டும் இருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு கூடுதல் கை தூக்கியிருக்கிறார், அப்படி 25. மிச்சம் 10. மூன்றிலும் இருப்பவர் ஒவ்வொருவரும் இரண்டு கூடுதல் கை, ஆகவே அவர்கள் 5%.

மூன்று குழுக்களையும் கூட்டி, ஜோடிகளைக் கழித்து, மூன்றிலும் இருப்பவர்களைத் திரும்பக் கூட்டும் அந்த மனப்பாடம் செய்த பெரிய சூத்திரத்தை இங்கே நீட்டினால் என்ன ஆகும்? அந்தச் சூத்திரத்தில் கழிக்க வேண்டியது “குறைந்தது அந்த இரண்டில்” இருப்பவர்களை, அதாவது மூன்றிலும் இருப்பவர்கள் ஒவ்வொரு ஜோடியிலும் சேர்ந்தே வருவார்கள். அதில் 25-ஐப் போட்டால் 130 − 25 + மூன்றும் = 95, மூன்றும் = −10 என்று வரும். எதிர்மறை எண் வந்ததால் இங்கே பிடிபட்டது. எண்களைக் கொஞ்சம் மாற்றினால் பிடிபடாமலே போய்விடும். வட்டத்தில் இந்தக் குழப்பத்துக்கு வழியில்லை. இரண்டில் மட்டும் என்பதற்கு மூன்று இதழ்கள் தனியாக இருக்கின்றன, மூன்றும் என்பதற்கு நடுவில் ஒரு துண்டு இருக்கிறது. நடுவிலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். நடு எண் தெரியாவிட்டால் அங்கே எக்ஸ் என்று எழுதிவிட்டுத் தொடருங்கள்.

எந்தத் தேர்வுக்கு எதை எடுப்பது?

பிஎஸ்எல்இ-க்கு மாடலும் அலகும் முதலில், அதோடு கட்டத்தையும் பழக்கிவிடுங்கள். பள்ளியில் சொல்லித்தந்த முறையில்தான் போட வேண்டும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். கணிதப்படி சரியான வேறு முறைக்கும் மதிப்பெண் உண்டு, படிகள் தெளிவாக இருந்தால் போதும். கணிப்பான் இரண்டாம் தாளில் மட்டும்தான், ஆகவே முதல் தாளில் 100 என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் பெரிய உதவி.

உயர்நிலைக்கு வட்டம். அதற்குக் காரணம் ஏற்கெனவே சொன்னதுதான்.

ஜிமேட்டுக்கு என் வோட்டு சந்தேகமில்லாமல் கட்டத்துக்கு. கணிதப் பிரிவில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள், கணிப்பான் கிடையாது. கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அந்த இரண்டு நிமிடத்தில் எந்தச் சூத்திரம் என்று யோசிப்பதை விட, கேள்வியின் முதல் வரியைப் படிக்கும்போதே குறிப்புப் பலகையில் கட்டத்தைப் போட்டு, படிக்கப் படிக்க நிரப்பிக்கொண்டு போவது நல்லது. பாதிக் கேள்விகளில் கேள்வியைப் படித்து முடிக்கும்போது விடையும் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். தரவு போதுமா என்று கேட்கும் கேள்விகள் தரவு நுண்ணறிவுப் பிரிவில் வருகின்றன. அங்கேயும் கட்டம் உதவும், எந்த அறை நிரம்பவில்லை என்பது தெரிந்தாலே விடை தெரிந்துவிடும்.

நாலையும் ஒரே வாரத்தில் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். துணைப்பாட வகுப்பில் ஒரு முறை, பள்ளியில் ஒரு முறை, வீட்டில் அப்பா ஒரு முறை என்று மூன்று பக்கமும் இழுத்தால் பிள்ளைக்கு எந்த முறையும் கை வராது. ஒரே கணக்கை முதலில் கட்டத்தில் போடச் சொல்லுங்கள், அது பழகிய அப்புறம் அதையே அலகில்.

வீட்டில் நீங்களே பயிற்சிக் கணக்கு அமைப்பதாக இருந்தால் கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். கட்டத்தின் நடு நான்கு அறைகளையும் முதலில் நிரப்பிக்கொண்டு, ஓரங்களைக் கூட்டி எழுதி, அதிலிருந்து மூன்று தகவல்களை மட்டும் கேள்வியில் விடுங்கள், மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ஆள் எண்ணிக்கை கொடுப்பதாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். மேலே உள்ள எம்ஆர்டி கணக்கில் அறைகளில் 18, 42, 12, 28 என்று விழுக்காடுகள் இருப்பதால் ஊழியர்கள் 50, 100, 150 என்று 50-ன் மடங்காகத்தான் இருக்க முடியும். 120 பேர் என்று போட்டால் இரண்டிலும் ஏறுபவர்கள் 21.6 பேர் என்று வரும், பிள்ளை விடையைக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டும்.